இரண்டு காதல் கவிதைகளும் ஒரே கையெழுத்தும்

அந்த ஆளை நான் இன்னும் மன்னிக்கவில்லை. மன்னிக்கிற உத்தேசமும் இல்லை.

அறுபதுகளின் தொடக்கம். கோடைக்கானலில் ஒரு பள்ளியில் டீச்சராக இருந்தேன். பி.ஏ. பரீட்சையைத் தனியாக எழுத, சனிக்கிழமை மத்தியானங்களில் ஓர் ஆங்கில வாத்தியாரிடம் ஆறு பேர் படித்தோம். மதுரைக்காரர், தேன் ஒழுகப் பேசுவார். எனக்குத் தமிழில் கடிதம் எழுதினார். மலைச்சரிவில் வீடு கட்டித் தருகிறேன், கழுத்து நிறையத் தங்கம் போடுகிறேன், அடுத்த வருஷம் குறிஞ்சி பூக்கையில் கல்யாணம் என்று. குறிஞ்சி பூத்து ஓய்ந்து நாலு வருஷம்தான் ஆகியிருந்தது. ஒரு தரம் பூத்தால் மறுபடி பூக்கப் பன்னிரண்டு வருஷம் ஆகும் என்று, பக்கத்து மலைக்கிராமம் பள்ளங்கியில் பூண்டு நடுகிற வீட்டுப் பெண்ணுக்குத் தெரியாதா? தெரியும். ஆசை கண்ணை மறைத்தது. அப்பா பார்த்த பண்ணைக்காட்டு மாப்பிள்ளையை வேண்டாம் என்றேன். அப்பா என்னோடு பேச்சை விட்டார்.

பிறகு பாடத்தில் இரண்டு காதல் கவிதைகள் வந்தன. முதலாவதில் ஒருவன் அது தருகிறேன், இது தருகிறேன் என்று ஒருத்தியைக் கூப்பிடுகிறான். அடப்பாவி, எனக்கு வந்த கடிதம்! மற்றதில் ஒருவன், இளமை நில்லாது, இன்றே வா என்று பயமுறுத்துகிறான். கூடப் படித்த என் அறைத்தோழியின் முகம் வெளுத்தது. அறைக்கு வந்ததும் அவளும் ஒரு கடிதத்தை எடுத்தாள், இளமை போய்விடும், சீக்கிரம் வா என்று. அதே கையெழுத்து. மலைக்காரிகளுக்கு என்ன தெரியப்போகிறது என்று அவருக்குத் திமிர். அவள் அழுதாள், நான் இரண்டு கடிதங்களையும் என் பெட்டியில் வைத்துப் பூட்டினேன்.

அதே வாரம் அவருக்கு வத்தலக்குண்டில் பெண் நிச்சயமானது. மாமனாராகப் போகிறவர் அடுத்த சனிக்கிழமை தான் பாடம் நடத்துவதைப் பார்க்க வருகிறார் என்று அவரே பெருமையாகச் சொன்னார். இரண்டு கவிதைகளையும் ஒப்பிட்டு எழுதி, அன்று வாசிக்கும்படி என்னையே பணித்தார்.

தோழியின் கடிதத்தில் அவள் பெயர் இருந்த வரியைக் கிழித்தேன். என் கடிதத்தில் என் பெயரை அப்படியே இருக்க விட்டேன்.

வாசித்தேன். ஒருவன் ஆசை காட்டுகிறான், இன்னொருவன் அச்சம் காட்டுகிறான், அவளுக்கு என்ன ஆசை என்று இருவருமே கேட்கவில்லை என்று முடித்தேன். உதாரணத்துக்கு இவை என்று இரு கடிதங்களையும் வந்திருந்த மாமனார் முன் வைத்தேன். படித்தார். மடித்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு எழுந்து போனார். கல்யாணம் நின்றது.

ஊரை விட்டுப் போகப் பஸ் ஸ்டாண்டில் பெட்டியோடு நின்ற வாத்தியார் என்னைப் பார்த்துவிட்டார்.

"தனியாக் கூப்பிட்டுச் சொல்லியிருக்கலாம்ல?"

"தனியாத்தானங்க எழுதுனீங்க. அதான் நாலு பேரு முன்னாடி வாசிச்சேன்."

பஸ் கிளம்பும்வரை நின்று பார்த்துவிட்டுத்தான் வந்தேன்.