நியூ ஜெர்சிக்காரரிடம் கேட்ட முகவரி

இன்று மதியம் பாரிஸ் லா சப்பலில், ஒரு தமிழ்க் கடையில் கொத்து ரொட்டிக்கு வரிசையில் நின்றேன். எனக்கு முன்னால் நியூ ஜெர்சியிலிருந்து சுற்றுலா வந்த ஈழத்தமிழர் ஒருவர், கல்லாவில் இருந்த அக்காவுக்கு அமெரிக்கப் பெருமை சொல்லிக்கொண்டிருந்தார்.

"பீட்சா இத்தாலிக்காரன்ரை, டாக்கோ மெக்சிக்கோக்காரன்ரை. வந்தவன் எல்லாம் சேர்ந்து கட்டின நாடு, பிள்ளை. இஞ்சை மாதிரி இல்லை. அங்கை இறங்கினால் நீயும் அமெரிக்கன்தான்."

அக்கா மெதுவாகக் கேட்டார். "அண்ணை, என்ரை தம்பி மெக்சிக்கோவாலை போய் டெக்சாஸ் தடுப்பு முகாமிலை இருக்கிறான். அங்கை ஆராவது பொறுப்பெடுத்து விலாசம் குடுத்தால் வெளியிலை விடலாமாம். உங்கடையைத் தருவியளே?"

அவர் வாயிலிருந்த ரோல்ஸை நிதானமாக விழுங்கினார்.

"உப்பிடிக் களவா வாறவையாலைதான் எங்கடை பேர் கெடுது."

எனக்குப் பொறுக்கவில்லை. "நீங்க எப்படிப் போனீங்க அண்ணா?"

"கனடாவாலை, லொறிக்குள்ளை ஒளிச்சு. அது வேறை காலம், தம்பி."

"சந்தேகமே இல்ல, நீங்க முழு அமெரிக்கன் ஆயிட்டீங்க" என்றேன். பாராட்டு என்று நினைத்து என் கையைக் குலுக்கினார்.

அக்காவின் தம்பி இன்னும் உள்ளேதான் இருக்கிறான். அமெரிக்க நண்பர்களே, கருத்துச் சொல்ல வருபவர்கள் முகவரியோடு வரவும்.