உரசிப் போகும் டாம்சன்

அயர்லாந்தின் டிப்பரரியில் ஃபின்டன் மெஹரின் குதிரை லாயத்தில் அட்ராக்டா லூபி, அவன் அப்பா காலத்திலிருந்தே வேலை பார்க்கிறாள். தடை தாண்டும் பந்தயங்கள் தொடங்குமுன், இந்தப் பருவத்தில் எந்த இளங்குதிரை தேறும் என்று அவள் சொல்வதற்காக ஊர் மதுக்கடையே காத்திருக்கும்.

இந்த அக்டோபரில் அவள் சொன்ன பெயர் டாம்சன். எல்லாரும் சிரித்தார்கள். அந்தப் பெண்குதிரை பயிற்சியில் ஒவ்வொரு தடையின் உச்சியையும் காலால் உரசிக்கொண்டுதான் போகும். ஃபின்டன் அதை விற்றுவிட முடிவு செய்து, சனிக்கிழமை ஓர் ஆளை வரச் சொல்லியிருந்தான். லாயத்திலிருந்த இன்னொரு சாம்பல் நிற இளங்குதிரையைத்தான் அவன் நம்பினான்; அதை அட்ராக்டாவிடமே சொன்னான்.

"அக்கா, உங்க கண்ணுக்கு வயசாயிடுச்சு. அந்தச் சாம்பல் குதிரை எவ்வளவு உயரம் எழும்புது, பாருங்க!"

"உயரத்துக்கா பரிசு குடுக்கறாங்க, தம்பி? தாண்டுறத மட்டும் பாக்குற. தடைக்கு அந்தப் பக்கம், கால் ஊன்ற இடத்துல வந்து நின்னு பாரு."

வெள்ளிக்கிழமை காலை, தூறலில் அவனை இழுத்துப்போய் அங்கே நிறுத்தினாள். இரண்டு குதிரைகளும் சேர்ந்து ஓடிவந்தன. சாம்பல் குதிரை இன்னும் காற்றில் இருக்கும்போதே, தாழ்வாகத் தாண்டிய டாம்சன் தரையைத் தொட்டு அடுத்த எட்டையும் வைத்துவிட்டது. நான்காவது தடைக்குள் அது நான்கு குதிரை நீளம் முன்னால் போயிருந்தது.

ஃபின்டன் தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தான். பிறகு வாங்க வருகிறவரைப் போனில் அழைத்தான்.

"நாளைக்குக் கண்டிப்பா வாங்க. ஆனா டாம்சன் இல்ல. ஒரு சாம்பல் குதிரை இருக்கு, என்ன உயரம் எழும்புது தெரியுமா!"