மிதந்த வாளி

கரிவலம்வந்தநல்லூர்ப் பாதையில் ஊருக்கு வெளியே ஒரு கிணறு. இசக்கித்தாயின் மகள் வள்ளித்தாய் தண்ணீர் இறைக்கப் போய், கால் வழுக்கி அதற்குள் விழுந்து செத்தாள். ஊர் கூடிக் கிணற்றை இறைத்துக் கொட்டிவிட்டு, முள் வெட்டி மூடியது. இசக்கித்தாயின் பிடிவாதம் லேசுப்பட்டதா? இறைக்காத தண்ணீர் கெட்டுப்போகும் என்று, தினம் விடிந்ததும் முள்ளை விலக்கி இறைத்து, பக்கத்து வேம்புக்கு ஊற்றிவிட்டு மறுபடி மூடுவாள்.

அவள் யாரிடமும் சொல்லாத சங்கதி ஒன்று உண்டு. எந்தக் கிணற்றிலும் கயிற்றைச் சுண்டி வாளியைச் சாய்த்தால்தான் தண்ணீர் ஏறும். இங்கே சுண்ட வேண்டியதே இல்லை. கீழேயிருந்து யாரோ சாய்த்துப் பிடித்த மாதிரி தானாக நிறையும். முதல் நாள் கயிற்றைப் போட்டுவிட்டு வீட்டுக்கு வந்துவிட்டாள். அப்புறம் குனிந்து மகளோடு பேச ஆரம்பித்துவிட்டாள்.

எண்பத்து மூன்றாம் வருஷக் கோடையில் ஊருணி சேறாகிப்போனது. அதைத் தெளியவைத்துக் குடித்த பிள்ளைகளுக்கு வாந்தி, பேதி. இசக்கித்தாய் குடத்தோடு வீடுவீடாகப் போனாள். செத்தவள் தண்ணீர் என்று ஒருவரும் வாங்கவில்லை. துரைப்பாண்டி, தன் மகன் கண் செருகிக் கிடந்த அன்றுதான், இசக்கித்தாயைக் கூட்டிக்கொண்டு நாலுபேரோடு கிணற்றுக்கு வந்தான்.

"அக்கா, முள்ள எடுத்துருதேன். புள்ளைக்கு நாக்கு வறண்டு கெடக்கு."

"எடுலே. நானா வேண்டாம்னேன்?"

உச்சிவெயில். வாளியை இறக்கிச் சுண்டினான். மிதந்தது. மறுபடி சுண்டினான். தகர வாளி தக்கை போல நின்று, மெல்லச் சுற்றியது. கூட வந்தவர்கள் ஒவ்வொருவராகப் பின்னால் நகர்ந்தார்கள்.

"தரமாட்டேங்கா, அக்கா."

இசக்கித்தாய் வாளியை மேலே இழுத்து மோந்து பார்த்தாள். "ஏது இது?"

"மாட்டுக்குத் தண்ணி காட்டுத வாளி. அவசரத்துல..."

"வெளக்கி வச்ச குடத்தையே எம்மவ மோந்து பாத்துட்டுத்தான் மொள்ளுவா. அவகிட்டப் போயி மாட்டு வாளிய எறக்குதியே. வெளங்கிரும்."

"ஒங்க வாளியக் குடுங்கக்கா."

"மாட்டேன். ஊரு குடிக்குத தண்ணிக்கு ஊரு வாளி சுத்தமாகணும். தேயி."

சாம்பல் வந்தது. அவள் போதும் என்கிறவரை தேய்த்துவிட்டு, துரைப்பாண்டி திரும்ப இறக்கினான். சுண்டவில்லை. கயிறு அவன் கையில் விறைத்தது. கீழ்நோக்கி ஒரு இழுப்பு, பிறகு விட்டது. வாளி நிறைந்திருந்தது.

இசக்கித்தாய் கிணற்றுக்குள் குனிந்தாள். "மொகத்தக் காட்டிராதட்டி. அவன் பயந்துருவான்."

பையன் அன்றைக்கு அந்தத் தண்ணீரைக் குடித்துத்தான் கண் விழித்தான். அதற்குப் பிறகு கழுவாத வாளி அந்தக் கிணற்றில் இறங்கியதில்லை. கயிற்றைச் சுண்டியவரும் இல்லை.