நாலரைக் கட்டை

என் வீட்டு ஆர்மோனியத்தில் ஒரு கறுப்புக் கட்டையின் நுனியில் சிவப்புப் பொட்டு ஒன்று இருக்கிறது. கல்யாணத்துக்கு முன்னால் நான் நகப்பூச்சால் வைத்தது. பாதி உதிர்ந்துவிட்டது. பிள்ளைகள் விளையாட்டாக ஏதோ பூசியிருக்கிறார்கள் என்று நினைத்து, வருகிறவர்கள் அதைச் சுரண்டப் பார்ப்பார்கள். நான் கையைத் தட்டிவிடுவேன். அது என் அண்ணனின் சுருதி. பாட்டுக்காரர்கள் குரலின் உயரத்தைக் கட்டைக் கணக்கில்தான் சொல்வார்கள். ஆண்கள் பெரும்பாலும் ஒன்று, ஒன்றரைக் கட்டையில் நிற்பார்கள். பெண்கள் ஐந்தை ஒட்டிப் பாடுவார்கள். அண்ணன் பாடியது நாலரைக் கட்டை. தங்கை என்பதால் உயர்த்திச் சொல்லவில்லை. தங்கை என்பதாலேயே அவர் செய்த பல காரியங்களை என்னால் இன்றுவரை மன்னிக்க முடியவில்லை. ஆனால் அந்தக் குரலைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் கோபமெல்லாம் எங்கே போகிறதென்று தெரிவதில்லை.

எண்பதுகளின் தொடக்கத்தில் அண்ணன் திண்டிவனத்தில் ஒரு மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை மண்டியில் எடை போடும் வேலையில் இருந்தார். கல்யாண நாட்களில் மெல்லிசைக் குழுவோடு பாடப் போவார். தலையில் மல்லாட்டைத் தொலியின் தூசியோடு வீட்டுக்கு வந்து, கிணற்றடியில் நாலு குடம் ஊற்றிக்கொண்டு, வெள்ளைச் சட்டையில் வெளியே வந்தால் வேறு ஆளாக இருப்பார். குழுவில் ஆர்மோனியம் வாசித்தவர் ஊரை விட்டுப் போனபோது, அண்ணன் வேறு ஆளைத் தேடவில்லை. பஜனையில் வாசித்த அப்பா விட்டுப்போன பெட்டி வீட்டில் இருந்தது, அதில் விரல் ஓட்டத் தெரிந்த நானும் இருந்தேன். "நீ வாம்மா, நான் இருக்கேன்ல" என்றார். வயசுப் பெண்ணை மேடை ஏற்றுகிறான் என்று தெருவில் பேசினார்கள். ஒரு முகூர்த்தத்தில் அவர் பாடியதைக் கேட்ட பிறகு, அந்தப் பேச்சு தானாக அடங்கிவிட்டது. அவர் சுருதியைத் தேடித் தடுமாறக் கூடாதென்றுதான் அந்தப் பொட்டை வைத்தேன். அதைப் பார்த்துவிட்டு அண்ணன் சிரித்துக்கொண்டே நெஞ்சில் தட்டிச் சொன்னார்: "இந்தக் கட்ட இருக்கற வரைக்கும் நாலரைக் கட்டதாம்மா."

வல்லத்தில் ஒரு கல்யாணம். பகல் பந்தி நடக்கும்போது கரண்ட் போய்விட்டது. மைக், கிட்டார், கீபோர்டு எல்லாம் ஒரே நொடியில் ஊமையாகிவிட்டன. கரண்ட் இல்லாமல் ஓடுகிற சாமான் அந்த மேடையில் இரண்டுதான், தபேலாவும் என் பெட்டியும். பாட்டு பாதியில் நின்றால் அபசகுனம் என்று பெண் வீட்டார் முகம் மாறுவதற்குள் அண்ணன் என் பக்கம் திரும்பிக் கண்ணைக் காட்டினார். நான் சிவப்புப் பொட்டை அழுத்தினேன். மைக்கை ஒதுக்கி வைத்துவிட்டுப் பாடினார். கத்தவில்லை, கழுத்து நரம்பு புடைக்கவில்லை. பந்தல் கடைசியில் சாம்பார் வாளியோடு நின்றவர் கரண்டியைச் சாய்க்க மறந்து நின்றார். சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்கள் இலையில் கைவைத்தபடியே இருந்தார்கள். எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. தினமும் ஒரே குழம்பை ஊற்றிச் சாப்பிடுகிற இந்த மனுஷனுக்குள் இது எங்கிருந்து வந்தது என்று பயமாகக்கூட இருந்தது. கரண்ட் வந்தபோது யாரும் சந்தோஷப்படவில்லை.

அந்தக் குரலைக் கெடுத்தவர்கள் அதை வெறுத்தவர்கள் இல்லை. கச்சேரி முடிந்ததும் மாப்பிள்ளைத் தோழர்கள் யாராவது வந்து அவர் தோளில் கை போடுவார்கள். "தொண்டைக்கு நல்லதுண்ணே" என்பார்கள். பாடியவருக்கு ஒரு டம்ளர் பிராந்தி தருவது எங்கள் பக்கத்தில் மரியாதை. மாலை போடுவதும் அதுவும் ஒன்றுதான். வேண்டாமென்றால் கோபித்துக்கொள்வார்கள். முதலில் அவர்களுக்காகக் குடித்தார். பிறகு அவர்கள் தேவைப்படவில்லை. சாராயக்கடை வழியாக மண்டிக்குப் போனார், அதே வழியாகத் திரும்பினார். எங்கள் வீட்டில் குடி என்ற சொல்லை யாரும் சொன்னதில்லை. அம்மா வாசலில் நின்று, "தொண்டைக்குப் போட்டுக்கினு வந்தாச்சா?" என்று மட்டும் கேட்பார். அண்ணன் கால் கழுவப் போவார்.

ஊருக்குத் தெரிவதற்கு முன்னால் என் விரலுக்குத் தெரிந்தது. "இன்னிக்கி நாலு குடும்மா, சளி புடிச்சிக்கினு இருக்குது" என்று ஒரு நாள் சொன்னார். கொடுத்தேன். சளி போகவில்லை. அடுத்த ஆவணியில் மூன்று கேட்டார், தை பிறந்ததும் இரண்டரை. நான் அதற்கேற்பக் கட்டைகளை மாற்றிப் பிடித்து வாசிக்கப் பழகினேன். கேட்கிறவர்கள் முன்போலவே கைதட்டினார்கள். அவர்களுக்கு அது அதே பாட்டு, அதே பாடகர். சிவப்புப் பொட்டின் மேல் தூசி படிந்ததைப் பார்த்தது நான் ஒருத்திதான். ஒரு நாள் பஸ்ஸில் திரும்பும்போது கேட்டே விட்டேன். "நாலரைக்கு எப்பண்ணா வருவ?" அவர் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டே, "உன் கல்யாணத்துல பாடறேன், பாரு" என்றார். குடிக்கிறவர் வாக்கு என்று நான் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

என் கல்யாணம் விழுப்புரத்தில், மாப்பிள்ளையின் ஊரில் நடந்தது. எங்கள் வழக்கப்படி, பெண்ணின் கையில் உடன்பிறந்தவன் பொரி அள்ளிப் போட வேண்டும். அதை அவள் அக்கினியில் இடுவாள். அண்ணன் என் முன்னால் வந்து நின்றார். கை நடுங்கியது. பொரி என் கையில் விழாமல் தரையெல்லாம் சிதறியது. மாப்பிள்ளை வீட்டில் யாரோ, "காலைலயே ஏத்திக்கினு வந்துட்டான்பா" என்று சொன்னது எல்லார் காதிலும் விழுந்தது. அம்மா தலையைக் குனிந்துகொண்டார். ஆனால் அண்ணன் குனிந்தபோது அவர் மூச்சு என் முகத்தில் பட்டது. சாராய வாசனை இல்லை, அதை மறைக்கப் போடுகிற வெற்றிலை வாசனைகூட இல்லை. குடித்ததனால் நடுங்கவில்லை, குடிக்காததனால் நடுங்கினார். பல நாட்களாக விட்டிருக்கிறார். பழகிய உடம்பு அதைத் தாங்கவில்லை. மணவறையில் உட்கார்ந்துகொண்டு இதை யாரிடம் சொல்வது? இவர் இனி மேடை ஏறாமல் இருந்தால் போதும் என்று வேண்டிக்கொண்டேன். அங்கே குரல் உடைந்தால், குடிகாரன் என்ற பேரோடு அந்த மண்டபத்தை விட்டுப் போவார்.

சாப்பாடு ஆனதும் அவர் மேடை ஏறினார். என் இடத்தில் புதிதாக ஒருவர் ஆர்மோனியத்தோடு உட்கார்ந்திருந்தார். பெட்டி எங்களுடையதுதான். வழக்கம்போல இரண்டரைக் கட்டை கொடுத்தார். அண்ணன் வாயைத் திறக்கவில்லை. திரும்பி என்னைப் பார்த்தார். நான் மாலையோடு எழுந்தேன். "எங்கம்மா போற?" என்று மாமியார் கையைப் பிடித்தார். என் வீட்டுக்காரர், தாலி கட்டி அரை நாள்கூட ஆகாத மனுஷன், "போவட்டும், உடும்மா" என்றார். அந்த ஒரு வார்த்தைக்காக அவருக்கு வாழ்நாள் முழுக்க இரண்டாவது காபி போட்டுத் தந்திருக்கிறேன்.

நான் பெட்டி முன் உட்கார்ந்தேன். மாலை துருத்தியில் சிக்கியது, ஒதுக்கிவிட்டேன். எந்தக் கட்டை என்று அண்ணன் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. மருதாணி விரலைச் சிவப்புப் பொட்டில் வைத்தேன். தாளம் வேண்டாமென்று கையைக் காட்டிவிட்டு விருத்தம் எடுத்தார். முதல் சொல்லில் குரல் கரகரத்தது. பின்வரிசையில் ஒருவர் சிரித்தார். அண்ணன் அந்தச் சொல்லை மறுபடியும் எடுத்தார். அப்போது கரகரப்பு விலகி, உள்ளேயிருந்து பழைய குரல் வந்தது. பழையதைவிட அதிகமாகவே வந்தது. மேல் சட்ஜத்தில் ஏறி நின்று அங்கேயே நிதானமாக உலாவியது. கைகள் இன்னும் நடுங்கிக்கொண்டிருந்தன. இரண்டையும் முதுகுக்குப் பின்னால் கோத்துக்கொண்டு பாடினார். குரலில் அந்த நடுக்கம் துளியும் இல்லை. ஒரே உடம்பில் அது எப்படி முடிந்தது என்று எனக்கு இன்றைக்கும் விளங்கவில்லை. கடவுளைப் பக்கத்தில் பார்த்த மாதிரி இருந்தது என்று சொன்னால் சிரிப்பீர்கள், சிரித்துக்கொள்ளுங்கள். முடிந்ததும் மாமியார் என்னிடம் வந்து, "இந்தத் தொண்டைய வெச்சிக்கினு இந்தப் புள்ள ஏன்..." என்று தொடங்கி, முடிக்காமல் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

கதை அங்கே முடிந்திருக்கலாம். முடியவில்லை. அன்று மாலையே நாலு பேர் தோளில் கை போட்டு, தொண்டைக்கு என்று அழைத்துப் போனார்கள். அடுத்த மல்லாட்டை வரத்து தொடங்குவதற்குள் அண்ணனுக்குக் காமாலை முற்றிவிட்டது. ஆஸ்பத்திரியில் கண்ணெல்லாம் மஞ்சளாகப் படுத்திருந்தார். முப்பதைத் தாண்டி அதிக காலம் ஆகவில்லை. குரல் காற்றாகத்தான் வந்தது. "அன்னிக்கி எறங்கலியேம்மா?" என்று கேட்டார். அவர் எதைக் கேட்கிறார் என்று எனக்கு மட்டும்தான் தெரியும். "இல்லண்ணா, நின்னுச்சி" என்றேன். ஆறுதலுக்காகச் சொல்லவில்லை, அதுதான் உண்மை. அவரைப் புதைத்துவிட்டு வந்தவர்களில் சிலர், இளகின மனசுக்காரன், அதனால்தான் குடித்தான் என்று பேசிக்கொண்டார்கள். எனக்கு எரிச்சலாக வந்தது. ஊற்றிக் கொடுத்தவர்களும் அந்தக் கூட்டத்தில் அழுதுகொண்டு நின்றார்கள்.

போன மாதம் ஆர்மோனியம் பழுது பார்க்கிறவரை விழுப்புரம் வீட்டுக்கு வரவழைத்தேன். இளைஞர். ஒவ்வொரு கட்டையாக அழுத்திக்கொண்டு வந்து, சிவப்புப் பொட்டில் நின்றார். "இது மட்டும் எறங்கிப்போச்சும்மா. ரீட கொஞ்சம் சொரண்டினா ஏறிடும்" என்றார். பித்தளை நாக்கைக் கழற்றிச் சுரண்டி, பொருத்தி அழுத்தினார். "இன்னும் துளி" என்றேன். மறுபடியும் சுரண்டினார். "இன்னும்." அடுத்த முறை அந்த ஒலி வந்ததும் என் கை தானாக எழுந்து நிறுத்தச் சொன்னது. அவர் சந்தேகத்தோடு செல்போனில் சுருதி காட்டும் ஆப்பைத் திறந்து வைத்துச் சரிபார்த்தார். திரையில் முள் ஆடாமல் நடுவில் நின்றது.

"கரெக்டா சொன்னீங்களேம்மா. எத வெச்சிப் பார்த்தீங்க?"

"எங்க அண்ணன வெச்சி" என்றேன்.

வீட்டுக்குள் பெரியவர் யாரோ இருக்கிறார் என்று நினைத்துக்கொண்டு அவர் மரியாதையாக உள்ளறைப் பக்கம் எட்டிப் பார்த்தார். நானும் பார்த்தேன்.