பழவேற்காட்டு மீன் கடைகளும் நகர மறுக்கும் என் மாவுக் கடையும்

திருவொற்றியூரில் தெரு நடுவில் இருக்கும் என் இட்லி மாவுக் கடையை ஒட்டி, போன மாதம் இன்னொரு மாவுக் கடை முளைத்தது. "தெருக்கோடியில் காலி இடம் இருக்கிறது, அங்கே போட்டியே கிடையாது, போய்விடுவோம்" என்றான் என் மகன். சொந்தக்காரர்களும் அதையே பாடினார்கள். இருக்கிறேனா, காலி செய்கிறேனா என்று என் கடையின் கட்டட உரிமையாளருக்குத் திங்கட்கிழமை பதில் சொல்ல வேண்டும். நான் எட்டாவதோடு நின்றவன். ஆனால் போட்டியில் யார் எங்கே நின்றால் லாபம் என்று கணக்குப் போடும் ஆட்டக் கோட்பாட்டுப் புத்தகத்தைப் பழைய புத்தகக் கடையில் வாங்கி நானே படித்தவன். நான் கோடிக்குப் போனால், எதிராளி நடுவில் நின்றபடி தன் பக்கத்து ஆட்களையும் என் பக்கத்தில் பாதியையும் எடுத்துக்கொள்வான். சொன்னால் யார் கேட்டார்கள்? மீன் கடைகள் ஒன்றையொன்று ஒட்டியே நிற்கும் பழவேற்காட்டைக் கண்ணால் பார்த்துவிட்டே பேசலாம் என்று சனிக்கிழமை கிளம்பினேன்.

பொன்னேரிக்கு மின்சார ரயிலில் பத்து ரூபாய். அங்கிருந்து பழவேற்காட்டுக்குப் பேருந்து, ஏறக்குறைய இருபது கிலோமீட்டர். உட்கார இடம் கிடைக்கும் என்று நம்பிப் போகாதீர்கள்.

ஏரிக்கரையில் மீன் வறுக்கும் பெண்கள் ஏழு பேர் வரிசையாக அடுப்பு வைத்திருந்தார்கள். கரை முழுக்கக் காலியாகக் கிடக்கிறதே, ஏன் இப்படி இடித்துக்கொண்டு, என்று முதல் கடை எல்லம்மாளிடம் கேட்டேன்.

"தனியா போயி ஒக்காந்தா ஈதான் வரும் பெருசு. மீன் துன்ன வர்றவன் இங்கதான் வருவான்."

பேருந்து நிற்கும் பக்கம் இருப்பது முதல் கடை. அதற்குத்தான் வியாபாரம் அதிகம். அதனால் தினமும் ஆளுக்கு ஓர் இடம் பின்னால் நகர்கிறார்கள். கடைசியில் இருப்பவர் மறுநாள் முதலிடத்துக்கு வருகிறார். ஏரியில் வலை விரிக்கும் இடங்களை ஆண்கள் இப்படி முறை வைத்து மாற்றிக்கொள்வதைப் பாடு என்கிறார்கள். அதைத்தான் இவர்கள் கரைக்குக் கொண்டுவந்திருக்கிறார்கள்.

நான் பேசிக்கொண்டிருக்கும்போதே கடைசிக் கடை தேவகி தன் அடுப்பைத் தூக்கிவந்து எல்லம்மாளுக்கும் முன்னால் வைத்தாள்.

"இன்னாடி, பஸ்ஸுக்குள்ளயே வெச்சுடேன். டிரைவருக்கும் ஒரு துண்டு குடு" என்றாள் எல்லம்மாள்.

"அங்க ஒரு ஆளு வர்ல. நீ போயி ஒக்காந்து பாரு."

"நேத்து நான்தான் ஒக்காந்தேன். நீ முன்ன வந்தா நானும் வருவேன், இவளுங்களும் வருவாளுங்க. சாயங்காலம் எல்லாரும் நடுரோட்ல நிப்போம். பஞ்சாயத்து லாரி வந்து மொத்தத்தையும் அள்ளிக்கினு போவும்."

"பயமுறுத்தாதக்கா."

"நாளைக்கு மொத எடம் உன்னுது. அத வுட்டுட்றதுனா இங்கயே நில்லு."

 தேவகி முனகிக்கொண்டே அடுப்பைப் பழைய இடத்துக்குத் தூக்கிப்போனாள். நான் பின்னாலேயே போய் உட்கார்ந்தேன்.

"பாவம்னு வந்தியா?"

"பசிக்குது, வந்தேன்."

"அப்ப ரெண்டா துன்னு."

என் புத்தகம் எல்லோரும் ஏன் ஓரிடத்தில் கூடுகிறார்கள் என்பதோடு நின்றுவிட்டது. கூடியவர்கள் ஒருவரையொருவர் முந்தி முந்தி ரோட்டுக்கு வராமல் இருப்பது எப்படி என்று அதில் இல்லை. இரண்டு பேரும் கடைப் பெயர்ப் பலகையை வாசல் படிக்கு வெளியே ரோட்டில் வைக்கக் கூடாது என்று என் எதிராளியிடம் பேசுவேன். ஒப்புக்கொள்ளாவிட்டாலும் நகர மாட்டேன். அவனைத் தேடி வருகிறவர்கள் என் வாசலையும் பார்த்துத்தானே ஆக வேண்டும்?

போகிறவர்கள் வெயிலுக்கு முன் போய்விடுங்கள். சாப்பிடுவதைக் கடைசிக் கடையில் சாப்பிடுங்கள். அங்கே மீன் சூடாக வறுத்துத் தருவார்கள், அவசரப்படுத்த மாட்டார்கள்.

நான் திங்கட்கிழமைக்குக் காத்திருக்கவில்லை. அன்று மாலையே, மீன் வாசனையோடு, உரிமையாளர் வீட்டுக் கதவைத் தட்டி, இருக்கிறேன் என்று சொல்லிவிட்டுத்தான் வீட்டுக்குப் போனேன்.