டென்மார்க் அரசாங்கத்துக்கு அக்கா எழுதிய பதில்

நேற்று ரொறன்ரோவில், எங்கள் மல்வேர்ன் வீட்டுக் குசினியில் ரின் மீன் உடைத்தேன். மனைவி வேலைக்குப் போனால் என் சமையல் அதுதான். வெங்காயம், பச்சைமிளகாய், கொஞ்சம் தேசிக்காய்ப் புளி. ரின்னின் அடியில் ‘டென்மார்க்’ என்று இருந்தது. அந்த நேரம் பார்த்து வானொலியில், ஐரோப்பிய ஒப்பந்தத்தைத் திருத்துவது பற்றி மறுபடியும் பேச்சு நடக்கிறது என்று செய்தி. நீங்கள் என்றால் அடுப்பைக் கவனித்திருப்பீர்கள். நான் வெங்காயத்தைக் கருகவிட்டு மூத்த அக்காவை நினைத்துக்கொண்டு நின்றேன்.

அக்கா டென்மார்க்கில் ஒரு மீன் பக்டரியில் வேலை செய்தார். எத்தனை சவர்க்காரம் போட்டாலும் கையை விட்டு மணம் போகாதாம். “போனிலையும் மணக்குதோடா?” என்று கேட்பார். நான் அப்போது சென் ஜேம்ஸ் ரவுணில், ஒரே அறையில் நாலு பேரோடு இருந்துகொண்டு, ஓர் உணவகத்தில் கோப்பை கழுவினேன். ஞாயிற்றுக்கிழமைகளில் காசு கட்டி வாங்கிய போன் காட் அட்டையைச் சுரண்டி, நீட்டு இலக்கமெல்லாம் அடித்து அக்காவைப் பிடிப்பேன். பேச்சு சூடுபிடிக்கும்போது ஒரு பெண்குரல் வந்து நிமிடம் முடியப்போகிறது என்று சொல்லும். அந்தப் பெண்ணைத் திட்டாத தமிழர் ரொறன்ரோவில் இருந்திருக்க மாட்டார்கள்.

அக்காவுக்குக் குடியுரிமை கிடைத்து அதிக நாளாகவில்லை. ஒரு ஞாயிறு பதற்றத்தோடு சொன்னார்: “தம்பி, அரசாங்கம் எனக்கொரு புத்தகம் அனுப்பியிருக்கு. பதினாலு நாளுக்குள்ளை பதில் போடவேணும். நீதான் இங்கிலீசிலை எழுதித் தரவேணும்.”

பதினாலு நாள் என்று அந்தப் புத்தகத்தில் எங்கும் இல்லை. அது எங்கள் ஆட்களின் அகதி வழக்குக் காலத்துப் பழக்கம். அரசாங்கக் கடித உறையைக் கண்டால் நெஞ்சு இடிக்கும். பதில் எழுதி, பிரதி எடுத்து, பதிவுத் தபாலில் போட்டு, துண்டைப் பைலுக்குள் வைத்த பிறகுதான் சோறு இறங்கும். வந்திருந்தது என்னவென்றால், ஐரோப்பிய ஒப்பந்தத்தைத் திருத்தலாமா என்று மக்களிடம் வாக்கெடுப்பு. ஏன் ‘ஓம், திருத்தலாம்’ என்று போடவேண்டும் என்பதற்கு அரசாங்கத்தின் விளக்கம்.

“அக்கா, உது எல்லா வீட்டுக்கும் வாற புத்தகம். உதுக்கு ஆர் பதில் எழுதுகினம்?”

“எல்லா வீட்டுக்கும் வந்தா? என்ரை வீட்டுக்கும்தானே வந்தது? என்னட்டைக் கேட்டிருக்கினம், நான் சொல்லத்தான் வேணும்.”

என் ஆங்கிலம் அந்நாளில் ‘மோர் பிளேற்ஸ்’ என்பதைத் தாண்டவில்லை. அக்காவுக்கு மட்டும் நான் பெரிய படிப்பாளி. எண்ணெய் மணக்கும் ஜக்கற்றோடு நூலகத்துக்குப் போய், டென்மார்க் அரசாங்கத்தின் ஐரோப்பிய நிலைப்பாடு வேண்டும் என்றேன். அங்கிருந்த பெண் என்னைச் சட்டம் படிக்கிறவன் என்று நினைத்து ஒரு கட்டுத் தாள் பிரதி எடுத்துத் தந்தார். இல்லையென்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அகராதியோடு ஒரு கிழமை மல்லுக்கட்டி அக்காவுக்கு விளக்கினேன்.

“ஒப்பந்தம் மாறினாலும், சுற்றாடல் விசயத்திலை தங்கட கடுமையான சட்டத்தை வைச்சிருக்கலாம் எண்டு அரசாங்கம் சொல்லுது, அக்கா.”

“அப்ப இதை எழுது. பக்டரிக்குப் பின்னாலை கடல். கழிவுத் தண்ணியைச் சுத்தம் செய்துதான் விடவேணும் எண்டது எங்கட சட்டம். செலவு கூட எண்டு முதலாளி புறுபுறுக்கிறார். நாளைக்கு வேறை நாட்டுக்காரன் மலிவா மீன் அடைச்சு வித்தா, எங்கட வேலையைக் காட்டி உந்தச் சட்டத்தைத் தளர்த்துவியளோ? வேலை எனக்கு வேணும். அதுக்காகக் கடலைக் கெடுக்க வேண்டாம்.”

எங்கட சட்டமாம்! நேற்றுவரை விசாவுக்கு வரிசையில் நின்ற மனுசி. பாணும் வாழைக்காயும் விற்ற ஒரு தமிழ்க்கடையில் ஃபாக்ஸ் இருந்தது. அங்கிருந்து, நான் எழுதிய கடிதத்தை அக்காவுக்கு அனுப்பினேன். அக்கா கையெழுத்து வைத்து, பதின்மூன்றாம் நாள் பதிவுத் தபாலில் போட்டார்.

ஒருவரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள் என்று நான் அடித்துச் சொன்னேன். பதில் வந்தது. அமைச்சிலிருந்து, அக்காவின் முழுப்பெயருக்கு, இரண்டு பக்கம். கேள்வி நியாயமானது, சட்டத்தைத் தளர்த்தும் எண்ணம் இல்லை என்று எழுதியிருந்தார்களாம். அதைப் போனில் மூன்று தரம் வாசித்தார். காட் முடிந்துபோனது. உணவகத்தில் எல்லாருக்கும் இதைச் சொன்னேன். சமையற்காரன் டென்மார்க் எங்கே இருக்கிறது என்று கேட்டான்.

அத்தான் ‘வேண்டாம்’ பக்கம். அக்காவும் அப்படியே போடவேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றார். நான் ‘ஓம்’ பக்கம். இவ்வளவு பாடுபட்டு மொழிபெயர்த்தவனுக்கு ஒரு பக்கம் சாயும் உரிமைகூட இல்லையா? வாக்கெடுப்பு முடிந்த ஞாயிறு என் முதல் கேள்வியே அதுதான்.

“எதுக்கக்கா போட்டனீங்கள்?”

“அது ரகசியமடா.”

“எனக்குமோ?”

“ஊரிலை ரெண்டு தரம் வோட்டுப்போடப் போனன். ரெண்டு தரமும் நான் போக முந்தி ஆரோ என்ரை பேரிலை போட்டிட்டாங்கள். இது நானே என்ரை கையாலை போட்டது. உனக்கேன் சொல்லவேணும்?”

எனக்குக் கோபம்தான் வந்தது, உண்மையைச் சொல்கிறேன். போனை வைத்த பிறகுதான் பெருமை வந்தது. அது இன்னும் போகவில்லை.

இப்போது போன் காட் இல்லை. ஃபாக்ஸ் வைத்திருந்த கடை இருந்த இடத்தில் கண்ணாடி மாடிக் கட்டடம் நிற்கிறது. குடும்பத்துக்கு ஒரு வட்ஸ்அப் குழு இருக்கிறது. காலை வணக்கமும் பூப்படமும் வருகின்றன, ஒருவரும் ஒருவரிடம் எதுவும் கேட்பதில்லை. அக்கா போன மாரிக் குளிரில் காலமானார். செத்தவீட்டுக்குப் போனபோது, வந்தவர்களெல்லாம் கலைந்த பிறகு, அத்தானுக்குப் பக்கத்தில் போய் இருந்து மெதுவாகக் கேட்டேன்: “அத்தான், அக்கா அண்டைக்கு எதுக்குத்தான் போட்டவ?”

“கடைசிவரைக்கும் எனக்கும் சொல்லேல்லையடா,” என்றார் அத்தான், கண்ணைத் துடைத்துக்கொண்டு. “என்ன செய்யிறது, அது அவளின்ரை வோட்டு.”