எழுதிக் குடுங்க டாக்டர்

எங்கள் மாமா எடுத்த படத்தை யாரும் குறை சொல்லக் கூடாது. சொல்கிறவர்கள் ஒரு செல்போன், ஒரு டார்ச் லைட், மழைக்கு ஒரு தோட்டத்துக் குழாய், இவ்வளவையும் வைத்துக்கொண்டு ஒரு கொலைப் படம் எடுத்துக் காட்டட்டும். அப்புறம் பேசிக்கொள்ளலாம்.

நெய்வேலியில் எங்கள் பிளாக்குக்குப் பின்னால், இடிப்பதற்காகக் காலி செய்த குவார்ட்டர்ஸ் வரிசை ஒன்று இருந்தது. அதுதான் படத்தில் மனநல விடுதி. கொலையைப் பார்த்துவிட்ட ஒரு பெண்ணைப் பைத்தியம் என்று சொல்லி அங்கே அடைத்துவிடுகிறார்கள். டாக்டரும் அதற்கு உடந்தை. படம் முழுக்கக் கறுப்பு வெள்ளை. ஜன்னல் கம்பியின் நிழல் முகத்தில் விழ வேண்டும், பார்க்கிறவர்களுக்கு யார்மேலும் நம்பிக்கை வரக் கூடாது என்றார் மாமா. நான் தலையை விரித்துப்போட்டுச் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருக்கும் நோயாளி. பள்ளிக்கூடத்தில் எல்லோரிடமும், "பாத்துட்டுத் தனியா வூட்டுக்குப் போவ மாட்டீங்க" என்று பீற்றிவைத்திருந்தேன்.

டாக்டர் எங்கள் அப்பா. அதிர்ந்து பேசத் தெரியாத மனிதர், பெரியப்பாவின் வெள்ளைச் சட்டையை டாக்டர் அங்கி மாதிரி பின்பக்கம் முன்னால் வரும்படி மாட்டியதும் பார்க்கவே பகீரென்றது. அடைபட்ட பெண் அம்மா. அம்மா அப்போது சுரங்கத்து ஆபீஸ்களைக் கூட்டித் துடைக்கும் கான்ட்ராக்ட் வேலையில் இருந்தாள். சேர்ந்த நாளிலிருந்து அவளுக்குச் சொல்லப்பட்டது ஒன்றுதான்: அடுத்த வருஷம் பர்மனென்ட். எங்கள் ஊரில் பெண் பார்க்கப் போனாலும், சாமிக்கு வேண்டிக்கொண்டாலும், பேச்சு கடைசியில் அந்தச் சொல்லில்தான் போய் நிற்கும்.

மாமா எந்த ஊரில் உட்கார்ந்து எழுதுகிறோம் என்பதை மறந்துவிட்டார். டாக்டர் கதவைச் சாத்திக்கொண்டே, "இனிமே நீ இங்க பர்மனென்ட்" என்று உறும வேண்டும். அம்மா அலற வேண்டும். அம்மா சிரித்துவிட்டாள். மறுபடி எடுத்தார்கள், மறுபடியும் சிரித்தாள். மாமா தலையில் அடித்துக்கொண்டார். அடுத்த முறை அவள் சிரிக்கவில்லை. கம்பியைப் பிடித்துக்கொண்டு அப்பாவை நேராகப் பார்த்து, "வாயால சொல்லிக்கினே இருந்தா எப்பிடிங்க டாக்டர்? எழுதிக் குடுங்க" என்றாள். அப்பா வசனத்தை மறந்து முழித்தார். மாமா அதையே படத்தில் வைத்துக்கொண்டார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் தெருவில் வேட்டியைத் திரையாகக் கட்டிப் படத்தைக் காட்டினோம். அம்மாவோடு வேலை செய்கிறவர்கள் அத்தனை பேரும் வந்திருந்தார்கள். அந்த இடம் வந்ததும் விசில் பறந்தது. பெண்கள் எழுந்து நின்று, "இன்னொரு வாட்டி போடுப்பா!" என்று கத்தினார்கள். பேய் மாதிரி உட்கார்ந்திருந்த என்னை ஒரு ஜென்மம் கவனிக்கவில்லை. என் மானமே போயிற்று.

மறுநாள் கான்ட்ராக்டரின் சூப்பர்வைசர் எங்கள் வாசலில் வந்து நின்றார். "அந்த ஒரு வசனத்த மட்டும் வெட்டிடச் சொல்லும்மா. இல்லன்னா நாளையிலேர்ந்து நீ வேலைக்கு வர வேணாம்."

அம்மா முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டாள். "வெட்ட முடியாதுங்க. வேலைக்கு வர வேணாம்னு சொன்னீங்களே, அதையாவது எழுதிக் குடுங்க."

அவர் தெருவை இரண்டு பக்கமும் பார்த்தார். பக்கத்து வீடுகளின் கதவுகள் திறந்தன. "கொஞ்சம் மெதுவாப் பேசும்மா" என்று கழுத்தைத் துடைத்துக்கொண்டார். அவர் எதையும் எழுதித் தரவில்லை. அம்மா மறுநாளும் வேலைக்குப் போனாள். யாரும் அவளைத் தடுக்கவில்லை.

நானோ சூப்பர்வைசர் வந்த அன்றைக்கு அம்மாவின் புடவையைப் பிடித்து இழுத்து, "வெட்டிடச் சொல்லும்மா, அதனாலதான் யாருமே பயப்படல" என்று ஓவென்று அழுதேன். படத்தைப் பார்த்துப் பயந்துபோன ஒருவர்தான் எங்கள் வாசலில் நின்றுகொண்டிருந்தார் என்பது அப்போது எனக்கு விளங்கவில்லை.